இரண்டு பக்கமும் கேட்டுவிட்டு வாய் மூடியவளுக்கு

அம்மிணி,

நீ கோயமுத்தூர் பஸ் ஏறும்வரை நான் உன்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. டிபன் டப்பாவைக் கையில் திணித்தேன், ஜன்னலோரம் உட்காரச் சொன்னேன், அவ்வளவுதான். "என்னம்மா, ஒடம்பு சரியில்லையா?" என்று கேட்டாய். உடம்புக்கு ஒன்றுமில்லை. கோபம். பஸ் ஸ்டாண்டில் அதைக் கொட்ட வேண்டாம் என்று அடக்கிக்கொண்டேன். வீட்டுக்கு வந்து கைகால் கழுவி உட்கார்ந்த பிறகும் அது அடங்கவில்லை, நாலு நாளாகியும் அடங்கவில்லை. பள்ளிக்கூடத்து நாளிலிருந்தே எனக்கு ஒரு குணம். ஒன்றை எழுதிப் பார்த்தால்தான் அது என்னவென்று எனக்கே புரியும். அதனால் எழுதுகிறேன். உறையில் போட்டு உன் ஹாஸ்டலுக்கு அனுப்பியிருக்கலாம். ஆனால் உன் மாமா கூடம் நிறைய ஆட்களை வைத்துக்கொண்டு பேசினார். நானும் நாலு பேர் படிக்கிற பத்திரிகையில்தான் பேசுவேன். யார் பெயரும் போடவில்லை. உனக்குத் தெரிந்தால் போதும்.

அன்றைக்கு நடந்தது உனக்குச் சின்ன விஷயமாக இருக்கலாம், அதனால் திரும்பச் சொல்கிறேன். திருச்செங்கோட்டிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் உன்னைப் பார்க்க வந்திருந்தார்கள். நீ காப்பி கொடுத்தாய், கும்பிட்டாய், ஓரமாக நின்றாய். அந்தப் பையன் வந்ததிலிருந்து சுவரோரம் இருந்த அலமாரியையே பார்த்துக்கொண்டிருந்தார். அதில் இருப்பது எல்.பி. என்கிற பெரிய இசைத்தட்டுகள் என்று இந்த ராசிபுரத்தில் எங்கள் தெருவுக்கே தெரியும். அவர் உன் முகத்தைப் பார்த்துக் கேட்டார்: "இத்தனை பிளேட்டு இருக்குதுங்களே, நீங்க கேப்பீங்களா? எது புடிக்குமுங்க?" பெண் பார்க்க வந்த ஒருவர் சமையலைக் கேட்கவில்லை, தையலைக் கேட்கவில்லை, உனக்கு எது பிடிக்கும் என்று கேட்டார். எனக்கு உள்ளுக்குள் அப்படி ஒரு சந்தோஷம். இனி இவள் வாயை மூட முடியாது, காப்பி ஆறட்டும் என்று நினைத்தேன்.

நீ சொன்னாய்: "அதெல்லாம் அம்மாவோடதுங்க. எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க." நான் திகைத்து நிற்கும்போதே உன் மாமா, என் உடன்பிறந்த அண்ணன், நாற்காலியில் முன்னால் சாய்ந்து, "எங்க அம்மிணிக்குன்னு தனியா ஒரு அபிப்பிராயமும் கெடையாதுங்க மாப்ள. நீங்க எதை வெக்கறீங்களோ அதையே கேட்டுக்கும்" என்றார். பையனின் அம்மா, "அப்படிப் புள்ளையத்தானுங்க நாங்களும் தேடிட்டு இருந்தோம்" என்றார். கூடமே சிரித்தது. நீயும் சிரித்தாய். அந்தப் பையன் மட்டும் சிரிக்கவில்லை. அலமாரியிலிருந்து கண்ணை எடுத்துவிட்டுத் தம்ளரைக் கீழே வைத்தார். அவர்கள் போன பிறகு சமையலறையில் உன்னைக் கேட்டேன், ஏன் கண்ணு அப்படிச் சொன்னாய் என்று. "சும்மா ஒரு பாட்டு விசயந்தானேம்மா. நல்ல எடம்ங்கறாரு மாமா. நான் பாட்டுக்கு அது நொட்டை இது நொள்ளைன்னு பேசிட்டிருந்தா, பொண்ணு வாயாடின்னு எந்திரிச்சுப் போயிருவாங்க" என்று சொல்லி, பஜ்ஜித் தட்டைக் கழுவப் போய்விட்டாய்.

சும்மா ஒரு பாட்டு விஷயம். அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம் முழுக்கச் சொல்லப் போகிறேன்.

எழுபதுகளின் தொடக்கம். நாமக்கல்லில் எங்கள் அப்பாவுக்கு இரண்டு லாரி ஓடியது. பம்பாய்க்கும் கல்கத்தாவுக்கும் போய்வரும் டிரைவர்களிடம் சொல்லி அனுப்பி அப்பா தட்டுகள் வாங்குவார். அவருக்குக் குடி இல்லை, சீட்டாட்டம் இல்லை, இந்த ஒன்றுதான். ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் கூடத்தில் ரெக்கார்டு பிளேயரைத் திறப்பார். லாரிக்குப் பாடி கட்டும் பட்டறை வைத்திருந்த மாமா ஒருவர் வருவார், இன்னும் ஓரிருவர் வருவார்கள். அப்பா ஒரு சட்டம் வைத்திருந்தார். முள் தட்டில் இருக்கும்போது யாரும் பேசக்கூடாது. முதல் பக்கம் முழுக்கக் கேட்க வேண்டும், திருப்பிப் போட்டு இரண்டாம் பக்கமும் கேட்க வேண்டும். நடுவில் எழுந்து போனால் அடுத்த வாரம் அழைப்பு இல்லை. எல்லாம் முடிந்த பிறகு ஒவ்வொருவராக, பட்டதை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். "நல்லா இருந்துதுங்க" என்று மட்டும் சொன்னால் அப்பா விடமாட்டார். "நல்லா இருந்துதுன்னா என்னுங்க அர்த்தம்? எந்த எடம் நல்லா இருந்துது?" என்று பிடித்துக்கொள்வார். இவ்வளவு நியாயமான ஒரு சபையை நான் அதற்குப் பிறகு பார்த்ததில்லை. அந்தச் சபையில் எனக்கு இடம் இல்லை. நானும் என் அம்மாவும் சமையலறைக் கதவுக்கு இந்தப் பக்கம்.

நான் அப்போது பெண்கள் உயர்நிலைப் பள்ளியில் ஒன்பதாவது படித்தேன். நூலகத்தில் எடுத்த புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு கதவுக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பேன், ஆனால் பக்கம் திரும்பாது. படிக்கிற பிள்ளைக்கு ஒரு வியாதி உண்டு, எதைக் கேட்டாலும் அதற்கு ஒரு வாக்கியம் தேடும். ஒரு நாள் அப்பா நாகஸ்வரத் தட்டு ஒன்றைப் போட்டார். முடிந்ததும் காப்பித் தம்ளர்களை வாங்கிப் போக அண்ணன் உள்ளே வந்தான். அவனுக்குப் பதினேழு வயசு; அப்போதுதான் சபையில் சேர்த்திருந்தார்கள், என்ன சொல்வதென்று தெரியாமல் வேர்த்துக்கொண்டிருந்தான். நான் சொன்னேன்: "அண்ணா, நாகஸ்வரம் நம்மூட்டுக் கூடத்துல வாசிக்கிற மாதிரி இருக்குது, தவில் மட்டும் பக்கத்து ஊருல வாசிக்கிற மாதிரிக் கேக்குது. கவனிச்சியா?" அவன் தம்ளர்களை எடுத்துக்கொண்டு போனான். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை, அவன் குரலில் என் வாக்கியம் கேட்டது. பட்டறை மாமா தொடையில் அடித்துச் சிரித்தார். "ஏனுங், பையனுக்குக் காதுன்னா காதுங்க! பக்கத்து ஊராமா!" அப்பா அண்ணனைப் பார்த்த பார்வை எனக்குக் கதவிடுக்கில் தெரிந்தது. அப்படி ஒரு பார்வையை அவர் அதற்குமுன் அவன்மேல் வைத்ததில்லை.

அதிலிருந்து அது வழக்கமாகிவிட்டது. காப்பி உள்ளேயிருந்து போகும், கூடவே அபிப்பிராயமும் போகும். வடநாட்டு சிதார் தட்டு ஒன்று வந்தது. இரண்டாம் பக்கத்தின் கடைசியில் வாசிப்பவர் ஓட்டமாக ஓடுகிறார். எல்லாரும் ஆகா என்றார்கள். எனக்கு அது ராகத்தின் வேகமாகப் படவில்லை. தட்டில் இடம் தீர்ந்துபோகிறதே, அதற்குள் முடிக்க வேண்டுமே என்கிற அவசரமாகப் பட்டது. அதையும் அண்ணனிடம் சொன்னேன், அதுவும் அவன் வாயில் கூடத்துக்குப் போனது. ஒரு சினிமாப் படத்தின் பெரிய தட்டில் ஒரே பாட்டைச் சந்தோஷமாக ஒரு தடவையும் சோகமாக ஒரு தடவையும் ஒரு பெண் பாடியிருந்தாள். சந்தோஷமாகப் பாடும்போது அவள் யாரையோ ஏமாற்றுகிறாள், சோகத்தில்தான் உண்மை பேசுகிறாள் என்றேன். அதுவும் போனது. என் அம்மாவிடம் ஒரு நாள் முறையிட்டேன். அம்மா மாவாட்டிக்கொண்டே, "நீ சொன்னா என்ன, அவன் சொன்னா என்ன? ஊட்டுக்குள்ளதானே இருக்குது" என்றார். அம்மா கெட்டவர் இல்லை. அவர் வாயிலிருந்தும் அப்படி எத்தனையோ போயிருக்கும், கேட்க ஆளில்லை.

சித்திரையில் மாரியம்மன் பண்டிகை வந்தது. மைக்செட் போட்டுத் தட்டு வைக்கும்போது, ஒவ்வொரு தட்டுக்கும் முன்னால் அதைப் பற்றி நாலு வார்த்தை பேச அண்ணனைக் கூப்பிட்டிருந்தார்கள். புளியமரத்தில் கட்டியிருந்த குழாயிலிருந்து ஊர் முழுக்க அவன் பேசினான். என் தவில், என் பக்கத்து ஊர், என் ஏமாற்றுக்காரப் பாடகி, எல்லாம் வரிசையாக வந்தன. என் பக்கத்தில் நின்ற வகுப்புத் தோழி, "உங்கண்ணனுக்கு எவ்ளோ அறிவு புள்ளை! உனக்கு இதுல பாதியாச்சும் இருக்குதா?" என்று என்னை இடித்தாள். அடுத்த ஞாயிறு, அப்பா புதிதாக வந்த ஒரு தட்டைப் போட்டு முடித்தார். அண்ணன் தம்ளர் வாங்க வருவதற்குள் நான் எழுந்து கதவைத் தாண்டி இரண்டடி வைத்துச் சொன்னேன்: "அப்பா, ரெண்டாவது பக்கம் எனக்குச் சரியாப் படலீங்க. மொதல் பக்கத்துல சொன்னதையேதான் திருப்பிச் சொல்றாங்க." பட்டறை மாமா கூரையைப் பார்த்தார். என் அப்பா, பட்டதை ஒளிக்காமல் சொல்ல வேண்டும் என்று சட்டம் போட்ட அதே அப்பா, என்னைத் திட்டவில்லை, அதட்டவில்லை. "சாமி, காப்பி இன்னும் வரலியே பாரு" என்று என்னைப் பார்த்துச் சொன்னார், அவ்வளவு பிரியமாக. பிறகு அண்ணன் பக்கம் திரும்பி, "நீ சொல்லு" என்றார். அந்த வாரம் அவன் கையில் என் வாக்கியம் எதுவும் இல்லை. "ரொம்ப நல்லா இருந்துதுங்கப்பா" என்றான். எந்த இடம் என்று அப்பா கேட்கவில்லை.

கோபக்காரர் ஒருவர் என்னை அடித்து உட்கார வைத்திருந்தால் நான் மறந்திருப்பேன். பிரியமாக வாயை மூடியதால்தான் இன்றுவரை எரிகிறது. அவர் செத்துப் பதினோரு வருஷம் ஆன பிறகும் அவர்மேல் கோபப்பட எனக்கு உரிமை இருக்கிறது என்றுதான் நினைக்கிறேன்.

என் கல்யாணத்துக்குப் பிறகு நடந்தது உனக்குத் தெரியும். எண்பதுகளில் எல்லா வீட்டிலும் டேப்ரெக்கார்டர் வந்தது, தட்டுகளைத் தொட ஆளில்லை. அண்ணன் அவற்றைப் பழைய சாமான் வண்டிக்குப் போடப் பார்த்தான். நான் நாமக்கல் போய், இரும்புப் பெட்டியில் அடுக்கி, ராசிபுரம் பஸ்ஸின் மேலே ஏற்றிக்கொண்டு வந்தேன். உன் அப்பா நெய் வியாபாரி, பாட்டு வாசனை தெரியாதவர். "இந்தக் கருப்புத் தட்டுல தோசை வார்க்கலாமுங்களா?" என்று கேட்டார். ஆனால் முதல் ஞாயிற்றுக்கிழமையே பழைய பிளேயருக்கு முள் தேடிச் சேலம் வரை போய்வந்தவரும் அவர்தான். நீ இரண்டாம் வகுப்பு. நான் என் அப்பாவின் சட்டத்தை அப்படியே எடுத்துக்கொண்டு, ஒன்றைச் சேர்த்தேன்: நான் சொன்னதையே நீ சொல்லக்கூடாது.

நினைத்துப் பார் கண்ணு. எனக்கு உயிரான வீணைத் தட்டு ஒன்று இருந்தது. நீ கேட்டு முடித்துவிட்டு, "அம்மா, இவங்க வாசிக்கறாங்களா, வீணையத் தொடச்சு வெக்கறாங்களா?" என்றாய். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு உன்னை முறைத்தேன். நீயும் முறைத்தாய். "எந்த இடத்துல அப்படி இருக்குது, காட்டு" என்றேன். நீ முள்ளை எடுத்துச் சரியாக அந்த இடத்தில் வைத்தாய். கேட்டேன். உண்மைதான், அந்த இடத்தில் அந்த அம்மாள் வேறெதையோ யோசித்துக்கொண்டிருக்கிறார். பதினைந்து வருஷம் கேட்ட எனக்குத் தெரியாதது உனக்குத் தெரிந்தது. அன்றைக்கு நான் எவ்வளவு சந்தோஷப்பட்டேன் என்று உன்னிடம் சொன்னதில்லை. அந்த வீணையைப் பற்றி நீ எட்டாவது முடிக்கும்வரை நாம் சண்டை போட்டோம். உன் அப்பா நடுவில் உட்கார்ந்து, "எனக்குக் காது கேக்குது, பாட்டுத்தான் கேக்க மாட்டேங்குது. நீங்க சண்டை போடறது நல்லா இருக்குது, நிறுத்தாதீங்க" என்பார். அந்தப் பெண்தான் அன்றைக்குக் கூடத்தில் நின்று, எனக்கு ஒன்றும் தெரியாதுங்க என்றாள்.

மகளுக்குக் கடிதம் எழுதும் தாய் தன் பங்குத் தவறையும் ஒத்துக்கொள்ள வேண்டும் என்று ஒரு முறை இருக்கிறது. நானும் தேடிப் பார்த்தேன். நீ இப்படி ஆனதற்கு நான் என்ன செய்தேன் என்று புரட்டிப் புரட்டிப் பார்த்தேன். எனக்கு அகப்படவில்லை. ஒரு தாய் இதில் செய்யக்கூடியதை நான் செய்திருக்கிறேன். பணிவாக இருந்து பழியை ஏற்றுக்கொள்ள எனக்கு இப்போது மனசில்லை.

அதனால் நேற்று நாமக்கல் போனேன். உன் மாமா கோழிப்பண்ணையில் இருந்தார். அங்கேயே கேட்டேன். "அண்ணா, எம் புள்ளையக் கேட்ட கேள்விக்கு நீங்க எதுக்குங்க பதில் சொன்னீங்க?"

"தாய்மாமன் சொல்லாம வேற ஆரு சொல்றது? நல்ல வார்த்தைதானே பாப்பா சொன்னேன்."

"அவளுக்கு வாய் இருக்குதுங்க."

"இருக்கறது தெரிஞ்சா எடம் போயிரும். அதுக்குத்தான் நான் முந்திக்கிட்டேன். கல்யாணம் ஆகட்டும், அப்பறம் மெதுவாப் பேசிக்கட்டும். இப்ப என்ன அவசரம்?"

அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. நிஜமாகவே உனக்கு நல்லது செய்ததாக நினைத்துக்கொண்டிருக்கிறார். எனக்கு என்ன தோன்றியதோ, "அண்ணா, அந்த சிதார் பிளேட்டு ரெண்டாம் பக்கம் எப்படி முடியுமுன்னு ஞாபகம் இருக்குதுங்களா?" என்று கேட்டேன். "எந்த சிதாரு?" என்றார். தவில், பக்கத்து ஊர், பண்டிகை, மைக்செட், ஒவ்வொன்றாகச் சொன்னேன். சிரித்துக்கொண்டே தலையைச் சொறிந்தார். "அதெல்லாம் ஆருக்குப் பாப்பா ஞாபகம் இருக்குது? ஏதோ சின்ன வயசுல பேசினது. காப்பி குடிக்கிறியா?" முப்பது வருஷமாக என் வாக்கியங்களை அவர் என்னிடமிருந்து எடுத்துப் போய் வைத்திருக்கிறார் என்று நினைத்துக் கோபப்பட்டுக்கொண்டிருந்தேன். அவர் வைத்திருக்கவே இல்லை. அன்றைக்கே போட்டுவிட்டார். நம்முடைய வாக்கியங்களை நாம் கொடுத்துவிட்டால், வாங்கியவர்கள் அதைப் பத்திரமாக வைத்திருப்பார்கள் என்று நினைக்காதே. உன்னுடையது உன்னிடமும் இருக்காது, அவர்களிடமும் இருக்காது.

இப்போது பாட்டு விஷயம். பிறகு நீ வேலைக்குப் போவதா வேண்டாமா என்பது விஷயம். மாப்பிள்ளை வீட்டில் உனக்கு அபிப்பிராயம் கிடையாது என்று முதல் நாளே எழுதிக் கொடுத்தாயிற்று. நாளைக்கு நீ ஒன்று சொன்னால், இதென்ன புதுப் பழக்கம் என்றுதான் கேட்பார்கள், அவர்கள்மேல் தப்புச் சொல்லவும் முடியாது. மெதுவாகப் பேசிக்கொள்ளலாம் என்கிறார் மாமா. என் அம்மாவும் மெதுவாகத்தான் பேசிக்கொள்ளலாம் என்று இருந்தார்.

நாமக்கல்லிலிருந்து திரும்பியதும் திருச்செங்கோட்டுக்குப் போன் செய்தேன். பையனிடமே பேசினேன். அன்றைக்கு நீங்கள் கேட்ட கேள்விக்குப் பதில் வரவில்லை, வந்தது மாமாவின் பதில், பெண் அடுத்த மாதம் லீவுக்கு வரும்போது நீங்கள் வந்து ஒரு தட்டு கேளுங்கள், அதுவரை நிச்சயதார்த்தத்துக்கு நாள் பார்க்க வேண்டாம் என்றேன். அவர், "எங்கம்மா கோவிச்சுக்குவாங்க. இருந்தாலும் வாரேனுங்க. ஆனா ஒண்ணுங்க, எனக்கு சினிமாப் பாட்டுதான் தெரியும், உங்க பொண்ணு என்னைக் கிண்டல் பண்ணாம இருந்தாச் சரி" என்றார். கிண்டல் பண்ணுவாள் தம்பி என்று சொல்லிவிட்டேன். அதில் என் வார்த்தையைப் பொய்யாக்கிவிடாதே.

மாமாவை அன்றைக்கு அழைக்கவில்லை. எந்தத் தட்டு என்பதை நீ எடு. இரண்டு பக்கமும் கேளுங்கள். அவர் சொல்வது உனக்குப் பிடிக்காவிட்டால் பிடிக்கவில்லை என்று அவர் முகத்துக்கு நேரே சொல். அவருக்கு அது பொறுக்காவிட்டால் தாலிக்கு முன்னாலேயே நமக்குத் தெரிந்துபோகும். பிறகு அவர் உனக்கு வேண்டுமா வேண்டாமா என்பதையும் நீயே என்னிடம் சொல். வேண்டாம் என்றால் ஊர் பேசுவதை நானும் அப்பாவும் பார்த்துக்கொள்கிறோம். வேண்டும் என்றாலும், எந்த இடம் பிடித்தது என்று கேட்பேன்.

அம்மா இப்படிப் போன் செய்தது தப்பு, என் கல்யாணத்தில் அம்மாவும் மாமா மாதிரியே எனக்காகப் பேசிவிட்டாள் என்று உனக்குக் கோபம் வரலாம். வந்தால் அதையும் எழுது. பக்கம் பக்கமாக எழுது, நானும் பக்கம் பக்கமாகச் சண்டை போடுகிறேன். 'சரிம்மா' என்று மட்டும் ஒரு கார்டு வந்தால், கிழித்து அடுப்பில் போட்டுவிடுவேன்.

அம்மா